வாசல் மண்

"பேர் சொல்லுங்க."

பேச்சித்தாய் இப்படிக் கேட்டது தன்னைப் பெற்ற தாயிடம்.

வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும். ஈர ரப்பர் பாயின் மேல் வெறுங்காலோடு நின்றிருந்த சுடலைவடிவு, மகளை நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, நாந்தான்" என்றாள் மெதுவாக.

பேச்சிக்குப் பின்னால் வேளாண்மைத் துறை இணை இயக்குநர் நின்றிருந்தார். சென்னையிலிருந்து வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இளநீர். இந்த அம்மா யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று பேச்சி நினைத்தாள். நினைத்தது ஒரு கணம்தான். ஆனால் நினைத்தாள்.

"பேர் சொல்லுங்க. பதியணும்."

"மேடத்துக்குத் தெரியாதாக்கும்" என்று வரிசையில் நின்ற மாடத்தி சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சுடலைவடிவு சிரிக்கவில்லை.

"சுடலைவடிவு."

"தெரு?"

அம்மாவின் உதடு ஒரு தடவை அசைந்து நின்றது. பிறகுதான் சத்தம் வந்தது.

"கீழத்தெரு."

எந்திரம் முகத்தைப் படமெடுத்துக்கொண்டது. இனி ஆற்றின் இரு கரையிலும் எந்த வாழைத் தோட்டத்து வாசலும் அந்த முகத்துக்குத் திறக்காது. பேச்சி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அதற்குள் வரிசையில் அடுத்து நின்ற ஆளிடம் போயிருந்தது.

"அடுத்து" என்றாள்.

"தயங்காம செய்யுறீங்க, குட்" என்றார் இணை இயக்குநர், இளநீரை உறிஞ்சிக்கொண்டே.

அந்தப் பாராட்டு பேச்சியின் காதில் வண்டு புகுந்த மாதிரி நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்தது.

வாழை அழிந்துகொண்டிருந்த காலம் அது. மேற்கே மலையடிவாரத்திலிருந்து வடக்கே காவிரிக்கரை வரை வாடல் நோய் தின்றுவிட்டது. கல்யாண வீட்டில் காகித இலையில் சாப்பிட்டார்கள். பந்தல் காலில் பிளாஸ்டிக் குலையைக் கட்டினார்கள். நிஜ வாழை மிஞ்சியிருந்தது தாமிரபரணியின் கடைமடையில், மணல்விளாகத்திலும் அதைச் சுற்றிய சில ஊர்களிலும் மட்டும்.

நோய்க்குக் காரணம் மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சை. வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். காலடியில் தண்ணீர் நிற்கும்போதே மரம் தாகத்தில் செத்துப்போகும். முன்பு இருந்த வாடல் மாதக்கணக்கில் மெதுவாகக் கொன்றது. இப்போது வந்திருக்கிற புது வகைக்கு அந்தப் பொறுமை இல்லை. மருந்தும் கிடையாது. மண்ணில் ஒருமுறை இறங்கிவிட்டால் ஒரு தலைமுறைக்கு இருக்கும். கன்றில் வரும், மண்வெட்டியில் வரும், பாசனத் தண்ணீரில் வரும், காலில் ஒட்டிய சேற்றில் வரும். ஆகவே வரவிடாமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

அதற்காக வந்ததுதான் அந்த எந்திரம். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளம். சனங்கள் வைத்த பெயர் 'கால் வாசல்'. பாயில் ஏறி நின்றால் பாதத்து ஈரத்தை உறிஞ்சி, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடும். பச்சை என்றால் உள்ளே போகலாம். சிவப்பு என்றால் வீட்டுக்குப் போக வேண்டும்.

கூலிக்கு நடந்து வருகிறவர்களுக்குத்தான் பாய். தோட்டக்காரர்கள் பைக்கில் வந்தார்கள். டயர் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி ஏறினால் போதும். வாசல் அதிகாரியான பேச்சிக்குப் பாய் இல்லை. அவள் பூட்ஸ் போட்டிருந்தாள். காலையில் ஒரு தடவை மருந்துத் தண்ணீரில் முக்குவாள், அவ்வளவுதான். இதிலெல்லாம் ஏதோ கோணலாக இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச்சிக்குப் பட்டது. பிறகு பழகிவிட்டது. கீழத்தெருவிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண், அதுவும் வாழை நோய்களைப் படித்துவிட்டு வந்தவள், பூட்ஸை எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டாள் என்பது பிற்பாடுதான் அவளுக்கு உறைத்தது.

முதல் நோய் மரம் விவசாயிகள் சங்கத் தலைவர் ஆறுமுகநயினாரின் தோட்டத்தில் தெரிந்தது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கின. குருத்து மட்டும் ஒன்றும் அறியாததுபோல் பச்சையாக நிமிர்ந்து நின்றது. பேச்சி மண்டியிட்டுக் கிழங்கைக் குறுக்கே வெட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செந்தவிட்டு நிறத்தில் வளையம் வளையமாகப் புள்ளிகள். புளித்த வாடை வந்தது.

"அதானா?" என்றார் தலைவர்.

"அதான் ஐயா."

பெரிய மனிதர் சட்டென்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவாரென்று பேச்சி எதிர்பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது குரல் மாறியிருந்தது.

"வாசல்ல செவப்பு வாங்குறது பூராவும் பொம்பளையதானம்மா? ஆம்பளைக்கெல்லாம் பச்சை. அந்தக் கீழத்தெருக்காரிய காலுதான் கொண்டாந்திருக்கு. கண்ட இடத்துல மிதிச்சிட்டு அப்படியே வாறாளுவ. சுத்தம்னா என்னன்னு அவளுவளுக்கு என்ன தெரியும்?"

அவர் சொன்ன முதல் பாதி உண்மை. சிவப்பு வாங்கியவர்கள் எல்லாரும் பெண்கள்தான். ஏனென்று பேச்சிக்கும் விளங்கவில்லை. களை பறிக்கிறவர்கள், கன்று எடுக்கிறவர்கள், வெறுங்காலோடு மண்ணில் கிடக்கிறவர்கள் என்று அவளும் ஒரு காரணத்தை அறிக்கையில் எழுதியிருந்தாள். சுத்தமான தமிழில், சுத்தமான எழுத்தில்.

தானும் ஒரு கீழத்தெருக்காரி என்று பேச்சி அவருக்கு நினைவூட்டவில்லை. வெட்டுக்கத்தியை மருந்துத் தண்ணீரில் முக்கி, துடைத்து, உறையில் போட்டுக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்தாள். அந்த வாரத்திலேயே இன்னும் சில தோட்டங்களில் மரம் விழுந்தது. எல்லாமே அவள் நேரில் போய்ப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த தோட்டங்கள்.

சிவப்பு வாசலோடு நிற்கவில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு முன்னால் மணலைக் கொட்டி, "காலை வெளிய வச்சுக்கிடுங்க தாயி, ஒண்ணும் நெனச்சுக்காதிய" என்றார். ரேஷன் கடையில் தனி வரிசை போட்டார்கள். வெகு நாளைக்கு முன்பு விட்டுத்தொலைத்துவிட்டதாக ஊர் பெருமை பேசிய பழக்கங்களெல்லாம், இந்தத் தடவை அறிவியலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திரும்பி வந்தன. இப்போது கேள்வி கேட்கவும் முடியாது. எந்திரமே சொல்கிறதே!

ஒரு நாள் மாலை பேச்சி கீழத்தெருவுக்குப் போனாள். சுடலைவடிவு தெருக்குழாயடியில் உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பையும் தேங்காய் நாரையும் போட்டுத் தேய்த்ததில் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது.

"எம்மா, தேய்க்காத. தோலு போயிட்டு பாரு."

"போவட்டும். தோலுக்குள்ள இருந்துட்டுன்னா?"

"அது மனுசத் தோலுக்குள்ள போவாதும்மா. மனுசருக்கு ஒண்ணுமே செய்யாது. அது வாழைக்கு வாற சீக்கு."

"பொறவு எதுக்கு எனக்குச் செவப்பு காட்டுது? நா என்ன வாழையா?"

அம்மா எழுந்து, உரச்சாக்கைக் கிழித்து இரண்டு பாதத்திலும் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டாள். அதன் பிறகே வீட்டுப் படியில் கால் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"நீ வாற போற வீடுல்லா. ஒனக்கு ஒட்டிரக் கூடாதுல்லா."

கேலியா, நிஜமா என்று பேச்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேலியாக இருந்தால் தேவலை என்றிருந்தது.

"அன்னைக்கு... எனக்குப் பின்னால பெரிய ஆபீசர் நின்னாரும்மா" என்று ஆரம்பித்தாள்.

"பாத்தேன். நல்ல சட்ட போட்டிருந்தாரு."

அதற்கு மேல் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருக்கலாம். வாரியலை எடுத்து நாலு அடி அடித்திருந்தால்கூடப் பேச்சி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

சங்கம் கூட்டத்துக்கு நாள் குறித்தது. கீழத்தெருப் பெண்கள் யாரையும் இனி எந்தத் தோட்டத்திலும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுக்கப் போகிறார்கள். நோய் அங்கிருந்துதான் வந்தது என்று அதிகாரி எழுத்தில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தத் தெருவில் பெண்களின் கூலியில்தான் அடுப்பெரிகிறது என்பது தலைவருக்கும் தெரியும், பேச்சிக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கிளாடிஸ் வந்து இறங்கினாள். கால் வாசலைச் செய்கிற கம்பெனியில் பொறியாளர். தூத்துக்குடிக்காரி, வாய் ஓயாதவள், கல்லூரி விடுதியில் பேச்சியின் அறைத்தோழி. மடிக்கணினியைப் பாய்க்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு கடலை மிட்டாயைக் கடித்தாள்.

"இதுக்கு இன்னொரு வேலையும் தெரியும் பேச்சி. உங்க ஆபீஸ்ல யாரும் அத கேக்கல, நாங்களும் போட்டுக் காட்டல. எந்தப் பூஞ்சை எதுலேர்ந்து பொறந்து வந்திச்சுன்னு சொல்லும்."

"எப்படி?"

"நம்ம பேச்சு ஊருக்கு ஊரு மாறுதுல்ல? நீ பேசுனா மணல்விளாகம்னு சொல்லிரலாம், நான் பேசுனா தூத்துக்குடின்னு சொல்லிரலாம். பூஞ்சையும் அப்படித்தான். ஒவ்வொரு தோட்டத்துலயும் இருக்க இருக்க துளித்துளியா மாறும். எது மூத்தது, எது எதுக்குப் பிள்ளைன்னு எந்திரம் கணக்குப் போட்ரும். சீக்கு வந்த தோட்டத்து மண்ணெல்லாம் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"சிவப்பு வாங்குன கால் எல்லாம் இதுலயே இருக்கு. போடுவோம்."

திரையில் ஒரு மரம் கிளை விட்டது. தலைவர் தோட்டம் ஒரு கிளை. மற்றத் தோட்டங்கள் அதனதன் கிளை. பெண்களின் பாதங்கள் எல்லாம் சேர்ந்து தனியாக ஒரு கொத்து. பேச்சி அந்தக் கொத்தில் அம்மாவின் பெயரைத் தேடினாள். இருந்தது.

"பாத்தியா, இந்தப் பொம்பளைங்க கால்ல இருக்கறது தோட்டத்துப் பூஞ்சைக்கு அம்மா இல்ல" என்றாள் கிளாடிஸ். "அக்கா தங்கச்சி மாதிரி. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு அம்மா வேற எங்கயோ இருக்கு. அந்த எடத்துல பெட்டி காலியா இருக்கு பாரு. நீ அந்த மண்ண எடுக்கல."

"எல்லாத் தோட்டமும் எடுத்துட்டேனே. வாய்க்கால் கரைகூட எடுத்தேன்."

"வாசல் மண்ணு?"

"எந்த வாசல்?"

"இந்த வாசல்தான் லூசு. நீயும் நானும் நிக்கற எடம்."

"இது நம்ம வாசல்லா" என்றாள் பேச்சி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சந்தேகம் வந்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். வாசலின் வலப்பக்கம் ஆண்கள் நிற்கிற இடம். கால் வாசலின் திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சரின் கார் நிற்பதற்காக அங்கே சிமெண்ட் போட்டார்கள். இடப்பக்கம் பெண்கள் வரிசை. அங்கே பிறகு சிமெண்ட் போடலாம் என்றார்கள், போடவில்லை. மழை பெய்து சேறும் குழியுமாகக் கிடந்தது. அந்தச் சேற்றுக்கு நடுவே, விழாவுக்கு நட்டுவைத்த குலைவாழைகள் நின்ற குழிகள் இன்னும் தூர்ந்துபோகாமல் இருந்தன.

பிளாஸ்டிக் குலை கட்டக் கூடாது, வாழையைக் காக்கிற விழாவில் நிஜ வாழை நிற்க வேண்டும் என்று சொன்னவர் தலைவர். மருமகன் தோட்டத்திலிருந்து லாரியில் வந்தன. மேற்கே, தடுப்பு எல்லைக்கு வெளியே, சுற்றிலும் வாழை அழிந்தபோதும் தப்பி நின்ற இடம். "சுத்தமான எடம்மா, நம்ம எடம்" என்றார். மதில், கேமரா, பூட்டிய கேட் எல்லாம் உள்ள தோட்டம். அங்கே நோய் இருக்கும் என்று பேச்சிக்குத் தோன்றவே இல்லை. அமைச்சர் வருகை தள்ளிப் போனது. வெட்டிக் கட்டினால் அதற்குள் வாடிவிடும் என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, "கிழங்கோட தோண்டி எடுத்து நட்டா வாடாது" என்று யோசனை சொன்னவள் அவள்தான். எல்லாரும் மெச்சினார்கள்.

விழா முடிந்து அந்த மரங்கள் அங்கேயே நின்றன. அடி இலை மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கியதை அவள் தினமும் பார்த்தாள். இடம் மாற்றி நட்டதால் வாடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வாடல் நோய் படித்தவள், வாடல் நோய் மரத்துக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்து, வாடல் நோய் இருக்கிறதா என்று அடுத்தவர் காலைப் பார்த்தாள். பிறகு ஆட்களை விட்டு மரங்களைப் பிடுங்கச் சொன்னாள். ஒரு கிழங்கையும் வெட்டிப் பார்க்கவில்லை.

கிளாடிஸ் குழிக்குள் கைவிட்டு ஒரு பிடி சேற்றை எடுத்துப் பாயில் தேய்த்தாள். சிவப்பு எரிந்தது. திரையில் காலிப் பெட்டி நிறைந்தது. கிளைகள் எல்லாம் அதில் வந்து சேர்ந்தன.

"பொம்பளைங்க இங்க நின்னு நின்னு, இந்தச் சேத்த மிதிச்சுட்டு பாயில ஏறியிருக்காங்க. நாம ஒட்டிவிட்ட நோய நாமளே பிடிச்சிருக்கோம்" என்றாள் கிளாடிஸ். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா ஒண்ணு. சிவப்பு வந்தவங்கள உள்ள விடவே இல்ல. அப்ப தோட்டத்துக்குள்ள யாரு கொண்டு போனா?"

பேச்சி தன் பூட்ஸைப் பார்த்தாள். அடிப்பாகத்துப் பள்ளங்களில் சேறு காய்ந்து இறுகியிருந்தது. காலையில் ஒரு தடவை முக்கி எடுத்தால் அதற்குள் மருந்து போகாது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் அவள்.

மறுநாள் காலையில் கூட்டம் வாசலிலேயே நடந்தது. தோட்டக்காரர்கள் சிமெண்டில் நின்றார்கள். கீழத்தெருப் பெண்கள் எட்டி, வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். சுடலைவடிவு எல்லாருக்கும் பின்னால், சாக்கு சுற்றிய காலோடு நின்றாள்.

பேச்சி சுருக்கமாகச் சொன்னாள். நோய் விழா வாழையில் வந்தது. வாசலில் இறங்கியது. தோட்டங்களுக்கு அவளுடைய பூட்ஸில் போனது. பெண்கள் யாரும் கொண்டுவரவில்லை. அவர்கள் முகத்தையெல்லாம் எந்திரத்திலிருந்து எடுத்துவிட்டாயிற்று. இந்த வாசலை மூடி மண்ணைக் கொளுத்தி, சுண்ணாம்பு போட வேண்டும். நோய் வந்த தோட்டங்களில் மரத்தைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரித்து, தண்ணீர் வெளியே போகாமல் வரப்பைக் கட்டி, பல போகம் நெல் போட வேண்டும். தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் பூஞ்சை குறையும். முழுக்கப் போய்விடும் என்று அவளால் சொல்ல முடியாது.

தலைவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, நீ சின்னப் பிள்ள. எம் மருமகன் பேரும் கெட்டு, ஒன் வேலையும் போகணுமா? சீக்கு ஆத்து வெள்ளத்துல வந்துட்டுன்னு எழுதிரு. வெள்ளத்த யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டான். ஒங்க தெருப் பொம்பளையளயும் நாளைலேர்ந்து வேலைக்கு எடுத்துக்கிடுதோம். எல்லாருக்கும் நல்லது."

நல்ல பேரம்தான். ஒரு விநாடி அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. வெள்ளத்தின் மேல் போட்டுவிட்டால் பூட்ஸ் சுத்தமாகிவிடும். அந்த ஒரு விநாடிக்காகவும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

அவள் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். வெறுங்காலோடு பெண்கள் வரிசைச் சேற்றில் இறங்கினாள். படிக்கப் போன பிறகு மண்ணில் கால் வைத்தது அன்றுதான். சேறு விரலிடுக்கில் பிதுங்கி ஏறியது. நடந்துபோய்ப் பாயில் ஏறி நின்றாள்.

சிவப்பு.

"பெயர்" என்று திரையில் எழுத்து மினுங்கியது. யாராவது கேட்டு, நிற்கிறவர் சொன்னால்தான் எந்திரம் பதிவு செய்யும். கேட்க வேண்டிய அதிகாரி பாயின் மேல் நின்றாள். தோட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்திரம் மட்டும் பொறுமையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

பாலத்தில் சாக்கு உரசுகிற சத்தம் கேட்டது. பெண்கள் விலகி வழி விட்டார்கள். சுடலைவடிவு வந்து, மகள் வழக்கமாக நிற்கும் இடத்தில், மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பேர் சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

"எம்மா..."

"பேர் சொல்லுங்க. பதியணும்."

"பேச்சித்தாய்."

"தெரு?"

ஆபீஸ் காகிதங்களில் அவள் கொடுத்திருந்தது தூத்துக்குடியில் வாடகைக்கு இருந்த வீட்டு விலாசம்.

"கீழத்தெரு" என்றாள். சத்தம் வரவில்லை. சிமெண்டில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "கீழத்தெரு."

எந்திரம் முகத்தைப் படமெடுத்துக்கொண்டது.

பேச்சி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். சுடலைவடிவு அவளைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அதற்குள் சிமெண்டுக்குப் போய், ஆறுமுகநயினாரின் தோல் செருப்பில் நின்றிருந்தது.

"அடுத்து" என்றாள்.